கல்லுக்குப் போட்ட தர்ப்பை

சென்ற ஆண்டு தை முடிந்து மாசி பிறந்திருந்த சமயம். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிற எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்போது ஒரே பேச்சு, வானத்திலிருந்து விழப்போகும் கல்லைப் பற்றித்தான். இன்னும் சில வருடங்களில் ஒரு விண்கல் பூமி மேல் மோதினாலும் மோதலாம் என்று சொல்லி, எங்கெங்கே விழலாம் என்று உலக வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். அந்தக் கோடு சென்னையைத் தொட்டுக்கொண்டு போனது. எதிர்வீட்டு சார் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கோடு பெருங்களத்தூர் மேல் போகிறதா வண்டலூர் மேல் போகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் என்னிடம், "வுழட்டும்க்கா, அன்னிக்காவது இந்த ரோடு காலியா கீதான்னு பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எல்லாருக்கும் கொஞ்சம் கிலி இருந்தது.

கல் மோதாது, பயப்பட வேண்டாம் என்று விஞ்ஞானிகளே சொன்ன பிறகு பேச்சு அடங்கியிருக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான் நடந்தது. அந்தக் கல் இல்லை, வேறு ஒரு கல், வருகிற வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு பூமியை உரசிக்கொண்டு போகப்போகிறது, அதிலிருந்து கெட்ட கதிர்கள் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் போடுவேன். தினசரிக் காலண்டரில் இருப்பதைப் பார்த்து அப்படியே டைப் அடிப்பேன், அவ்வளவுதான் என் சோதிட ஞானம். ஆனால் பல வருடங்களாகப் போட்டுப் போட்டு எனக்கென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. பால் காய்ச்ச, வண்டி எடுக்க, பெண் பார்க்கக் கிளம்ப, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, அதில் மிதந்தேன்.

புதன்கிழமை மாலை அடுத்த பிளாக்கில் இருக்கும் ஓர் அம்மா குரூப்பில் குரல் பதிவு போட்டார். படப்பைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை என்பதால் இங்கே வந்தவர்கள். "அக்கா, நாளைக்கு அந்தக் கல்லு போவுதாமே. மருமவ ஒம்போது மாசமா கீறா. இன்னா பண்ணணும், கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அடுத்தடுத்து இன்னும் நாலைந்து பேர் அதையே கேட்டார்கள்.

எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கலாம். அத்தனை பேர் காத்திருக்கும்போது அப்படி எழுத கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போன கிரகணத்துக்குப் போட்ட செய்தி போனில் இருந்தது. அதை எடுத்தேன். "கிரகணம்" என்று இருந்த இடத்தில் எல்லாம் "விண்கல்" என்று மாற்றினேன். ஒன்றரை மணிக்கு முன்னால் மூன்று மணி நேரம், பின்னால் மூன்று மணி நேரம் என்று நானாகவே கணக்குப் போட்டேன். காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை கர்ப்பிணிகள் வெளியே வர வேண்டாம், கத்தி எடுக்க வேண்டாம், தண்ணீரிலும் ஊறுகாயிலும் தர்ப்பை போட்டு வைக்கவும் என்று அனுப்பிவிட்டேன். என் கணவர் படித்துவிட்டு, "ஏண்டி, கல்லுக்குமா தர்ப்பை?" என்று கேட்டார். சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தேன். குரூப்பில் கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்தன.

மறுநாள் நான் வழக்கம்போல மின்சார ரயில் பிடித்து கிண்டிக்கு வேலைக்குப் போனேன். இதைக் கவனியுங்கள். நான் அதை ஒரு பொழுதும் நம்பவில்லை.

பதினொன்றேகால் இருக்கும், போன் அடித்தது. அந்த அம்மாவின் மருமகள். இருபத்து நாலு வயதுப் பெண், முதல் பிரசவம். "ஆன்ட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்திரலாமா? ஆட்டோலதான். அத்தை உங்களைக் கேட்டுட்டுப் போகச் சொன்னாங்க" என்றாள். மேசை மேல் வேலை குவிந்து கிடந்தது, மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மாதாந்திரச் செக்கப்பாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாலரைக்கு முடிஞ்சிரும்மா. எதுக்கு ரிஸ்க்? அப்புறமா போயேன்" என்றேன். "சரிங்க ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து வயிற்றில் அசைவே தெரியவில்லை என்பதற்காகத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக நினைத்தாள். கணவன் ஷிஃப்டில் இருந்தான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். மாமியாரோ அக்கா சொல்லட்டும் என்றிருக்கிறார். அக்கா சொல்லிவிட்டேன்.

நாலரை அடித்ததும் கிளம்பியிருக்கிறார்கள். அந்நேரத்தில் தாம்பரம் போகிற சாலை எவ்வளவு நெரிசலாக இருக்கும் என்று இந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் பார்த்தபோது குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. ஆண் குழந்தை. காலையிலேயே வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அந்த "உறுதியாகச் சொல்ல முடியாது" என்பதில்தான் நான் இன்றுவரை வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

நான்கு நாள் கழித்து துக்கம் கேட்கப் போனேன். என்னைத் திட்டுவார்கள், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க சொன்ன டயம் முடிஞ்சிதான்க்கா கெளம்புனோம். இவதான், எவ்ளோ சொல்லியும் கேக்காம பத்தே முக்காலுக்கு பால்கனிக்குப் போயி துணி எடுத்துகினு வந்தா. கல்லு பார்வ பட்ருச்சி" என்றார்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல்தான்.

அவளை சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட்டிலும் காய்கறி வண்டி அருகிலும் பெண்கள் பால்கனிக் கதையையே பேசினார்கள். பிள்ளையைத் தின்றவள் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. மகனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று அந்த அம்மா யாரிடமோ கேட்டதாகவும் காதில் விழுந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த அம்மாவிடம் போய், கிரகணச் செய்தியில் சொல்லை மாற்றிப் போட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம்கூட நானே போட்டது, கல்லும் இல்லை பார்வையும் இல்லை, உங்கள் மருமகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "உங்களுக்கு நல்ல மனசுக்கா. அவளக் காப்பாத்த பழிய உங்க மேல போட்டுகிறீங்க" என்றார். நான் போட்ட பொய்யை ஒரே இரவில் நம்பியவர், நான் சொன்ன உண்மையைக் கடைசிவரை நம்பவில்லை.

அன்றே குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். முதலில் சிலர் கும்பிடு போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர், "மேடம், இன்னிக்கு ராகு காலம் போடலையே?" என்று கேட்டிருந்தார். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயில் ஏறினேன். அந்தப் பெண் பாதியாக இளைத்திருந்தாள். அவள் அம்மா உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். பால்கனிக்குப் போனதால் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன், எனக்கே அதில் நம்பிக்கை இல்லை என்றும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அப்படி எதுவும் அவள் செய்யவில்லை.

"நானும் அதெல்லாம் நம்பல ஆன்ட்டி. நீங்க போம்மான்னு சொல்லுவீங்க, அதை வெச்சு அத்தைகிட்ட பேசிக்கலாம்னுதான் உங்களுக்கு போன் பண்ணேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ரயிலில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் பெருங்களத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். வாரா வாரம் கணவன் வந்து பார்த்துவிட்டுப் போகிறானாம். நான் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். இப்போதும் யாராவது பழக்கத்தில் ஏதாவது கேட்டால், எனக்குத் தெரியாதுங்க என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், இதை அந்தப் புதன்கிழமை மாலையே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இந்நேரம் நடக்கப் பழகியிருக்குமோ என்று நெஞ்சு கேட்கிறது, அதற்கும் எனக்குப் பதில் தெரியாது.