பிலடெல்பியாவில் அடித்த ஒரு பத்தி

பிலடெல்பியாவில் விதவை டபிதா க்ரேல் நடத்திய விடுதியில் வயலட் சமையல்காரி. கூலி கிடையாது. அவளும் அவள் மகள் ஜூனோவும் க்ரேலின் உடைமை. 1776 கோடையில், அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும் கூடிய காங்கிரஸ் அவைக்கு வந்த கனவான்கள் சிலர் அங்கே தங்கினார்கள். சுதந்திரம் பேசித் தொண்டை வறண்டு வந்தவர்களுக்கு ஆமை சூப் ஊற்றியது இந்த அடிமைதான்.

அவர்களில் கரோலினாக்காரர் ஒருவர் ஜூனோவை விலை பேசி முடித்திருந்தார். ஊர் திரும்பும்போது கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பாஸ்டன்காரர் ஒருவர், சுதந்திரப் பிரகடன வரைவில் அடிமை வியாபாரத்துக்காக இங்கிலாந்து அரசனைச் சாடும் பத்தி இருப்பதைச் சொன்னார். பிறகு வயலட் அவரைத் தனியே பிடித்தாள்.

"துரை, அது நெலைச்சா எம் மகள விக்க முடியாதுல்ல?"

"பொறு வயலட். நல்ல காலம் வருது."

எங்கே வந்தது? மறுநாளே கரோலினாக்காரர் மேசையில் குத்தினார்.

"அந்தப் பத்தி இருந்தா நாங்க இல்ல. ஆளுங்கள ஏத்திட்டு வந்த கப்பல் யாரோடதுங்க? உங்க ஊர்க்காரனோடதுதானே? லாபம் உங்களுக்கு, பாவம் மட்டும் எங்களுக்கா?"

பாஸ்டன்காரர் ஓட்டுக் கணக்குப் போட்டார். ஒரு குடியேற்றத்துக்கு ஒரு ஓட்டு. ஒன்று பிரிந்தாலும் அரசன் சிரிப்பான் என்ற பயம். இதே பயத்தில்தான், சுதந்திரத்துக்கே ஒத்துக்கொள்ளாத பென்சில்வேனியாக்காரர் இருவர் அவைக்கு வராமல் ஒதுங்கிக்கொள்ள, பென்சில்வேனியாவும் சம்மதித்ததாக எழுதிக்கொண்டார்கள். பத்தியை அடித்துவிட்டார்கள். ஒற்றுமை பிறந்தது.

"எல்லாரும் ஒண்ணு சேரணும்னா சிலத விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்" என்றார் பாஸ்டன்காரர்.

"எதை விட்டுக்கொடுத்தீங்க துரை? உங்க மகளையா?"

ஜூலை எட்டாம் தேதி அவை கூடும் மாளிகையின் முற்றத்தில் பிரகடனத்தை ஊருக்குப் படித்தார்கள். விடுதியே காலி. மணியோசை காதைப் பிளக்க, வயலட் மகளை ஆற்றங்கரைக்கு அனுப்பினாள். சிப்பி விற்கும் கறுப்பர் ஒருவர், யாருக்கும் அடிமையில்லாதவர், படகோடு காத்திருந்தார்.

"எங்கடி அவ, திருட்டுக் கழுதை?" திரும்பி வந்த க்ரேல் அலறினாள்.

"உங்க பெரிய மனுஷங்க ரெண்டு பேர் ஓட்டுப் போடாம ஒதுங்கிப் போனா சம்மதம். எம் மக ஒதுங்கிப் போனா திருட்டாம்மா?"

கன்னத்தில் அறை விழுந்தது. கரோலினாக்காரர் சலித்துக்கொண்டார். "பொண்ணு போனா போகட்டும். ஆத்தாக்காரியக் குடுங்க, சமைக்க ஆகும்."

க்ரேல் உடனே தலையாட்டினாள். பாஸ்டன்காரர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"எங்க வேணும்னாலும் வித்துக்குங்க" என்றாள் வயலட். "அவ எந்தக் கரையில எறங்குவான்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

கேட்டார்கள், சவுக்கால் கேட்டார்கள். கரோலினா போய்ச் சேரும்வரை கேட்டும் அவள் சொல்லவில்லை.