துப்பும் மீன்

கப்பலிலிருந்து இறங்கி ரெங்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு எட்டு வருஷம் நான் எங்கும் போனதில்லை. விடிந்தால் பால்மரம் வெட்டப் போவேன், வெயில் ஏறினால் லயத்து வீட்டுக்குத் திரும்புவேன். ஜொகூர் பாருவில் ரோடு போடும் வேலையில் இருந்த அக்காள் புருஷன், அக்காளுக்குப் பிள்ளை பிறந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். ரயிலேறிப் போனேன். எனக்கு அதுதான் உலகப் பயணம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற மீன் வேண்டும் என்று, கடல் நீர் ஏறி இறங்கும் ஓடைக்கரைக்கு ஒருநாள் காலை போனேன். அங்கே மரக்கால்மேல் நின்ற குடிசையில் ஒரு மலாய்க்காரம்மா மீன் விற்றாள். அவள் மீன் கூடையைத் தண்ணீரிலிருந்து தூக்கும்வரை பலகைப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே சாய்ந்திருந்த கிளையில் ஒரு வெட்டுக்கிளி. கீழேயிருந்து சுரீரென்று ஒரு தண்ணீர்க் கம்பி எழும்பியது. வெட்டுக்கிளி பொத்தென்று விழுந்தது. ஒரு மீன் வந்து விழுங்கிவிட்டுப் போனது.

நான் போட்ட சத்தத்தில் அந்தம்மா கூடையை விட்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் சிரித்தபடி, "இக்கான் சும்பிட், லா!" என்று கையைக் குழலாக்கி வாயில் வைத்து ஊதிக் காட்டினாள். இக்கான் என்றால் மீன்; காட்டுவாசிகள் பறவை அடிக்கும் ஊதுகுழலுக்குத்தான் சும்பிட் என்று பெயர். வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று அக்காளுக்குச் சாப்பாடு தாமதமானது.

தோட்டத்துக்குத் திரும்பி, மறுநாள் காலைப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது பெண்களிடம் இதைச் சொன்னேன். பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டக் கணக்கரான கிராணியின் காதில் விழுந்துவிட்டது.

"மீனு துப்புதா? வெத்தலையும் போடுமா?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்று முதல் என் முறை வரும்போதெல்லாம், "துப்புற மீனம்மா வந்தாச்சா?" என்றுதான் கூப்பிடுவார். மூக்குக்கண்ணாடி போட்ட, நாலு எழுத்துப் படித்த மனுஷர். அவர் ஒன்றை இல்லை என்று சொன்னால் தோட்டத்தில் அது இல்லைதான்.

என் வீட்டுக்காரரும், "விட்டுடு. நீ சொல்லச் சொல்லத்தான் சிரிக்கிறாங்க," என்றார்.

"நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டேன். அவர் திரும்பி உட்கார்ந்து பால்வெட்டும் கத்தியைத் தீட்டினார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அக்காள் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தினபோது இருவரும் போனோம். அவரை நேரே ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனேன். மீன் பூச்சியை அடிப்பதைப் பார்த்ததும் பாலத்திலேயே குந்திவிட்டார். "எப்படியாச்சும் ஒண்ணைக் கொண்டு போயிடணும்," என்று அவரே சொன்னார். அந்தம்மா கூண்டு போட்டு மூன்று மீன் பிடித்துக் கொடுத்தாள். கழுவிய ஒரு மண்ணெண்ணெய்த் தகர டின்னில் மீன், இன்னொன்றில் ஓடைத் தண்ணீர்.

ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர், "என்னம்மா இது, கருவாடா?" என்றார்.

"உசுரோட இருக்குங்க," என்றேன். வழியெல்லாம் கையால் தண்ணீரை அடித்துக்கொண்டே வந்தேன். கூலாய் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் இரண்டு செத்துவிட்டன. ரெங்கத்தில் இறங்கியபோது எனக்குத் தோள் மரத்திருந்தது. ஆனால் ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது.

பாதியாக அறுத்த பீப்பாயில் அதை விட்டு, மேலே குறுக்காக ஒரு கிளையை வைத்தோம். இரண்டு நாள் அது அடியிலேயே கிடந்தது. பூச்சியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வுநாள் காலையில் லயமே திரண்டு வந்து சுற்றி நின்றது. செய்தி கேட்டுக் கிராணியும் வந்தார்.

"எங்க, துப்பச் சொல்லு பாப்போம்," என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பீப்பாய்க்குமேல் குனிந்தார்.

மீன் மெல்ல மேலே வந்தது. வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டியது. சுரீரென்று ஒரே அடி! கிராணியின் கண்ணாடியில் பட்டுத் தண்ணீர் மீசை வழியே ஒழுகியது.

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவசரமாகக் கிளையில் ஒரு வெட்டுக்கிளியை வைத்தேன். அதையும் ஒரே அடியில் வீழ்த்தியது.

கிராணி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "இன்னொரு பூச்சி வைம்மா," என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் சொன்னது தப்பு. இந்தம்மா கண்ணால பாத்ததைத்தான் சொல்லியிருக்கு," என்றார். மாலைவரை அவரேதான் பூச்சி பிடித்து வந்தார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஓடையில் இன்னொரு ஜாதி மீன் இருக்கிறது, அது சேற்றில் நடக்கும், மரவேரில்கூட ஏறும் என்று சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு உசரம் ஏறும்?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.