ஏரியின் முற்றம்

சிவப்புப் பெயின்ட் காயும் வாசனை இனி எனக்குப் பிடிக்காது. போன வாரம் லிங்கராஜபுரத்துக்குக் கீழே, ஸ்டெல்லா அக்கா வீட்டுச் சுவரில் அளவைக்காரர்கள் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏரிக்கு விட வேண்டிய விளிம்புக்குள் வீடு வருகிறதாம், இடிப்பார்களாம். அக்கா வாசலில் நின்றிருந்தாள். "வாங்க, கன்னட பண்டிட்டு" என்றாள்.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபது வயது. காக்ஸ் டவுனில் ஒரே காம்பவுண்டில் எங்கள் குடித்தனமும் அக்கா குடித்தனமும். அக்கா கார்மென்ட்ஸில் தையல் வேலை. மனை வாங்கப் போகிறவள், மெஷின் எண்ணெய் வாசனை அடித்த கன்னடப் பத்திரத்தை என்னிடம் நீட்டினாள். பஸ் போர்டு படிக்கத் தெரிந்தவன் நான். அதற்கே அத்தனை தோரணை. கிழக்கு எல்லை 'கெரெ அங்கள' என்றிருந்தது. கெரெ, ஏரி. அங்கள, கன்னட வீடுகளில் முற்றம்.

"ஏரி முத்தம்க்கா! வாசல்லயே காத்து வரும், வாங்கிப் போடு."

ஏரிப் படுகைக்கும் அதுதான் பேர் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு அது முற்றமாகத்தான் இருந்தது, அதுதான் வினை. கோடையில் வெடித்த சேற்றின் மேல் கிரிக்கெட், மாடுகள், காயும் சேலைகள், ஓரத்தில் கொத்தமல்லிப் பாத்தி. மழைக்காலத்தில் தண்ணீர் வந்து அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்காரும். தவளைகள் காதைப் பிளக்கும். ஆளுக்குப் பாதி வருஷம். யாரும் துண்டு போட்டு இடம் பிடித்ததில்லை.

பிறகு போட்டோம். மனை, மனைக்குப் பின்னால் மனை, நடுவே ரோடு. ராஜகாலுவே என்று ராஜா பட்டம் கொண்ட மழைநீர்க் கால்வாய் ஒடுங்கிச் சாக்கடையானது. இரண்டு மழைக்கு அக்கா வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். அரிசி டிரம் மிதக்க, கட்டில் மேல் ஏற்றிய தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட என்னைத் திட்டியதில்லை. அந்தப் பட்டம் மட்டும்தான்.

"சும்னே நிக்காத. இதையாச்சும் சரியா படி" என்று போன வாரம் அதே வாசலில் நோட்டீஸை நீட்டினாள்.

ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடிப் பக்கம் மாற்று வீடு, சம்மதமென்றால் கையெழுத்து. எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். நடுவில் மறுபடி அதே சொல். நிறுத்திவிட்டேன்.

"என்னடா, முத்தமா?"

"இல்லக்கா. தண்ணி உக்கார்ற எடம்."

"அது உக்காரட்டும், வேணாம்னா சொன்னேன்? நான் எங்க உக்கார்றது? துணி குடுக்கறவங்க, சர்ச்சு, எல்லாம் இங்க. ஹெப்பகோடில எனக்கு யாரத் தெரியும்?"

இரண்டும் நியாயம். இரண்டுக்கும் நடுவே பேனாவைப் பிடித்தபடி நான்.

"எப்படியும் இடிக்கத்தான் போறாங்க" என்று அவள் அதை வாங்கி, படிக்கத் தெரியாத காகிதத்தின் அடியில், தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்து அங்கே உட்காரலாம். தவளைகள் வருமா, தெரியாது. எல்லாக் காகிதத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆளுக்குப் பாதி வருஷம் என்றிருந்த அந்த முற்றம்தான் இல்லை.