காலி இடம்

தொண்ணூறுகளில் ஒருநாள், மைசூரில் ராமாபுரம் பஸ் ஏறியபோது அவரைப் பார்த்தேன். காதில் முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் மலிவு விலை விண்வெளி நாவல். பக்கத்து சீட்டில் துண்டு விரித்திருந்தார்.

“ஆள் வருதுங்களா?”

“இல்லீங்க. வீட்டுக்காரிக்கு எடம் புடிச்சுப் புடிச்சுப் பழகிப்போச்சு. இப்ப அவ உசுரோட இல்ல. உக்காருங்க.” துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் நாவலை மூடினார். “பிரபஞ்சமே அழிஞ்சு ஒண்ணுமில்லாமப் போச்சாம். அப்புறம் எங்க பாத்தாலும் காலியா கெடந்துச்சுன்னு எழுதறான். ஒண்ணுமே இல்லைன்னா காலி எடங்கூட இருக்கக் கூடாதுங்களே?”

எனக்கு அந்த மாதிரிக் கதைகளில் பொறுமை கிடையாது. “கதைதானேங்க” என்று சொல்லி வைத்தேன்.

கொள்ளேகாலில் இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் எழுந்த சீட்டில் துண்டை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்.