தனகோட்டி வீட்டுப் படிக்கல்

செஞ்சிக் கோட்டைக்குக் காவல்காரராகத் தனகோட்டியை வைத்தபோது காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். விசில் தண்டம். கோட்டைக்குள் கல்யாண மகால் பக்கம் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அவரும் மறுத்ததில்லை.

அவருக்குப் பெரிய தலைவலி கல். ஊரில் யார் சுவர் எழுப்பினாலும் வண்டியை நேரே கோட்டைக்குத்தான் ஓட்டுவார்கள். அதைத் திருட்டு என்று ஒருவரும் நினைத்ததில்லை. ராஜா போய்விட்டார், நவாபு போய்விட்டார், வெள்ளைக்காரனும் போய்விட்டான், கிடக்கிற கல் நமக்குத்தானே என்பது செஞ்சிக்காரர்களின் நியாயம்.

அறுபத்து நாலாம் வருடம் சித்திரையில், இளையபெருமாள் மாட்டுக் கொட்டகை கட்ட நாலு கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தனகோட்டி வழியை மறித்தார்.

"எறக்கு."

"எறக்கறேன். மொதல்ல உன் வூட்டு வாசல்ல இருக்குதே படிக்கல்லு, அத்த எறக்கு. அது இன்னா, உங்க நைனாவுக்கு மாமியா வூட்டு சீதனமா?"

சந்தைக்குப் போகிற கூட்டம் கொல்லென்று சிரித்தது. தனகோட்டி ஒதுங்கி வழி விட்டார். வண்டி நாலு கல்லோடு போய்விட்டது.

அடுத்தவன் வீட்டில் இருக்கும் கோட்டைக் கல்லைச் செஞ்சியில் எவனும் நூறடி தள்ளி நின்றே காட்டுவான். தன் வீட்டுக் கல் மட்டும் கண்ணில் படாது. தனகோட்டியும் அப்படித்தான். அவர் வீட்டு வாசலில், தரையோடு தரையாகப் பதித்த நீளக் கல். அதன் ஒரு முனையில் பாதித் தாமரை செதுக்கியிருக்கும். மீதிப் பாதியை அவர் மனைவி சுந்தராம்பாள் தினமும் காலையில் பக்கத்துத் தரையில் கோலமாவால் போட்டு முழுசாக்கிவிடுவாள். நாற்பது வருடமாக அந்தக் கல்லை மிதித்துப் போய் வந்தவருக்கு அன்றைக்குத்தான் அது கல்லாகத் தெரிந்தது. வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கையில் ஒரு கயிற்றோடு கோட்டைக்குள் இருக்கும் குளத்துக்குப் போனார். கோடையில் தண்ணீர் இறங்கியிருந்ததால் கொத்தனார்கள் படிகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். நாலாவது படியில் ஒரு கல் இல்லை. அவர் பிறந்தது முதல் இல்லை. அந்த இடத்தை அளந்தார். வீட்டுக்கு வந்து படிக்கல்லை அளந்தார். கயிறு சரியாக நின்றது.

"அந்தக் கல்ல பேத்து குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் மனைவியிடம்.

சுந்தராம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வசந்தா கல்யாணத்துக்கு இருபது நாளுதான் இருக்குது. அனந்தபுரத்து மாப்ள வூட்டுக்காரங்க வந்து கால் வைக்கற நேரத்துல வாசல பேக்கறதா? நல்லது நடக்குமா? பொண்ணு வாழ்க்கைய்யா அது!"

அவள் சொன்னதில் தப்பில்லை. மகளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் ஊர் இந்தக் கல்லைத்தான் சொல்லும். தனகோட்டிக்கும் அது தெரியும். ஆனால் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"நம்ம தெருவுல கல்யாணப் பொண்ணுங்க தண்ணி எங்கேர்ந்து எடுக்கறாங்க?"

"இதென்ன கேள்வி? கோட்டைக் கொளத்துலதான்."

"நம்ம கல்யாணத்துல நாலாவது படி இல்லாம தாண்டப்போயி, கொடத்தோட வுழுந்தியே."

சுந்தராம்பாளின் முகம் சிவந்தது. புது மருமகள் குடத்தைக் கவிழ்த்த கதையைத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அந்தப் படிதான் மே இது. அளந்து பாத்துட்டேன். வசந்தாவும் அங்கதான் எறங்கணும்."

 அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, கற்பூரம் ஏற்றினாள். "நல்ல நேரம் பாத்து எடுக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

சந்தை நாளாகப் பார்த்து, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே தனகோட்டி வண்டியை ஓட்டிப்போனார். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று நடுவீதியில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர்கூடக் காட்டினார். குளத்தில் கல்லை இறக்க ஆள் போதவில்லை. ஒரு முனையைப் பிடிக்க வந்த கை இளையபெருமாளுடையது. அவருடைய வண்டி பின்னாலேயே நின்றது, நாலு கல்லோடு.

வைகாசியில் கல்யாணம். காலையில் பெண்கள் தண்ணீருக்கு வந்தார்கள். வசந்தா நாலாவது படியில் காலை ஊன்றி இறங்கி, குடத்தை நிறைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறி வந்தாள். சுந்தராம்பாள் மட்டும் அந்தப் படியிலேயே குனிந்து நின்றாள். பக்கத்துக் கல்லில் இருந்த மீதித் தாமரையோடு சேர்ந்து பூ முழுசாக இருந்தது. அவள் விரலை வைத்து இதழ்களை எண்ணினாள்.

"இந்தப் பக்கம் எட்டு இருக்குதுய்யா" என்றாள் கணவனைப் பார்த்து. "நான் இத்தினி வருசமா ஆறுதான் போட்டுகினு இருந்தேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. தனகோட்டி சட்டென்று திரும்பி, கரையில் நின்ற கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி அதட்டினார். அன்றைக்கு அந்தக் குரல் பத்தடி தூரம்கூடப் போகவில்லை.