மண்ணுக்குள் ஓடும் வாட்ச்

போன வியாழக்கிழமை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். வாட்ச் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள், கையிலிருப்பதைக் கழற்றிக்கொண்டே படியேறுவார்கள். இவர்கள் கை வெறுங்கை.

ஹட்டனில் அன்றைக்கு விடாத மழை. அந்த அம்மா குடையை வெளியே சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கூட வந்தவர் உட்காரவில்லை. வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். காமாட்சி. முத்தையாவின் மனைவி. திம்புள்ள பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முத்தையா பெக்டரி சங்கு ஊதுகிற ஆள். ஊதிய ஆள் என்று எழுத வேண்டும். ஆனி மாதம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எனக்குச் சேதி பிந்தித்தான் வந்தது. போக முடியவில்லை.

கூட வந்தவர் முத்தையாவின் தம்பி வேலு.

வாட்ச் எங்கே என்று கேட்டேன். வேலுதான் சொன்னார்.

"கொண்டார முடியாதுண்ணே. அண்ணன் கையில கட்டிப் பொதைச்சாச்சு."

எங்கள் பக்கம் அது வழக்கம்தான். பெட்டியை மூடுவதற்கு முன், போகிறவர் ஆசைப்பட்டதைக் கூட வைப்பார்கள். வெற்றிலை, சுருட்டு, சிலருக்குக் கால் போத்தல் சாராயம்… முத்தையா குடிக்கமாட்டார். புகைக்கமாட்டார். அவருக்கு என்று இருந்தது அந்த வாட்ச் ஒன்றுதான்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது சோலார் வாட்ச். ஜப்பானில் செய்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், பெக்டரியைப் பார்த்துக்கொண்டு, பிறகு மாற்றலாகிப் போன டீமேக்கர் ஒருவர் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. டயல் கறுப்பு. சாய்த்துப் பார்த்தால் ஊதா அடிக்கும். அதுதான் வெயிலை வாங்குகிற தகடு.

சோலார் வாட்ச்சுக்கு பெட்டரியே கிடையாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்டு. உள்ளே சின்னதாக ஒன்று இருக்கும். தகடு வாங்குகிற வெயிலைச் சேர்த்துவைப்பது அதுதான். நல்ல பெட்டரி ஒரு முறை நிரம்பிவிட்டால், அப்புறம் இருட்டுக்குள் போட்டாலும் மாதக்கணக்கில் ஓடும். பழசாகிப் போனால் சார்ஜ் தங்காது. அவ்வளவுதான் விஷயம்.

முத்தையா இதை நம்பமாட்டார். எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், நம்பமாட்டார். அவருக்கு அது வயிறு. அன்றன்றைக்கு ஊட்ட வேண்டும். வெயில் தலைகாட்டினால் வாட்ச்சைக் கழற்றி வரிசை வீடான லயத்துக் கூரைத் தகரத்தில் காயவைப்பார். பக்கத்திலேயே காவல் நிற்பார். மழை மாதங்களில் எங்கே போவது வெயிலுக்கு? பெக்டரி டியூப்லைட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். கொழுந்து கொண்டுவருகிற பெண்கள் சும்மா விடுவார்களா?

"என்னா மாமா, வாட்ச்சு சாப்புட்டிருச்சா? பத்தாட்டி சொல்லுங்க, ரொட்டி இருக்கு."

சிரிப்புக்குத்தான். ஆனால் அந்தப் பெண்களின் வயிறும் அந்த வாட்ச்சில்தான் இருந்தது. அவர்களுக்கும் அது தெரியும்.

தோட்டம் சங்கை வைத்துத்தான் எழும்பும். காலைச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்துக்குள் பெரட்டுக்களத்தில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அரைப்பேர். அன்றைக்கு அரைச் சம்பளம்தான். சங்கு கொஞ்சம் முந்தி ஊதினாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவள் பிந்திப்போவாள். சாயங்காலச் சங்கு பிந்தினால் மலையில் நிற்கிற எல்லாருக்கும் பிந்தும். யாரும் கணக்குக் கேட்க முடியாது. சங்கு ஊதினால்தான் மணி!

அதனால் மாதத்துக்கு ஒரு தரம் முத்தையா பஸ் ஏறி ஹட்டனுக்கு வருவார். ரேடியோவில் செய்திக்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அதோடு வாட்ச்சை ஒத்துப்பார்ப்போம். பத்து, பதினைந்து செக்கன் வித்தியாசம் இருக்கும். இருபது வருஷம் உழைத்த வாட்ச்சுக்கு அது ஒன்றுமேயில்லை. புதிசு புதிசாக வருகிறவை கூட அதைவிட மோசம். ஆனால் அவர் முகம் சுண்டிப்போகும். இந்தப் பதினைந்து செக்கன் யார் தலையில் விழுந்ததோ என்பார்.

போன வருஷம் பழைய பெட்டரி சார்ஜ் தங்காமல் போனது. செக்கன் முள் ரெண்டு ரெண்டாகத் தாண்டத் தொடங்கியது. பசித்தால் அந்த மாதிரி வாட்ச் அப்படித்தான் காட்டும். சொந்த வீட்டில் யாருக்கோ சீரியஸ் என்கிற மாதிரி ஓடிவந்தார். கொழும்பில் தேடிப் பிடித்துப் புது பெட்டரி போட்டுக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காமாட்சி மெதுவாக வாயைத் திறந்தார்.

வாட்ச்சைக் கட்டிவிட்டது ஆசைக்காக மட்டும் இல்லையாம். மேகம் மூடினாலே பதறுகிற மனுஷனோடு வாழ்ந்தவர் அவர். பெட்டியை மூடி மண்ணையும் போட்டால், வாட்ச் அப்போதே நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். இருட்டோடு எழும்பி எழும்பி மணி பார்த்த ஆள். வாட்ச் நிற்கட்டும், மனுஷனும் அக்கடா என்று தூங்கட்டும்… அதுதான் நினைப்பு.

கருமாதி அன்றைக்கு வேலு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. டவுனில் யாரோ சொன்னதைக் கேட்டுவந்து, சோலார் வாட்ச் இருட்டிலும் அரை வருஷம் ஓடுமாமே என்று பந்தியில் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காமாட்சிக்குத் தூக்கம் இல்லை.

கண்ணை மூடினால் டிக் டிக் என்று கேட்கிறதாம். வாட்ச் ஓடுகிறது என்றால் மனுஷன் முழித்துக்கொண்டிருக்கிறார். சங்குக்கு நேரமாகிவிட்டதா என்று மண்ணுக்குள்ளும் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். தோண்டி, அதைக் கழற்றிவிட வேண்டும். அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

வேலு குறுக்கே விழுந்தார்.

"பொதைச்ச ஆளத் தோண்டுனா ஊரு என்னாண்ணே பேசும்? மதினி சொல்லித்தான் தோண்டுனான்னா பேசும்? தம்பிக்காரன் வாட்ச்சுக்கு ஆசப்பட்டுட்டான்னு பேசும். மம்பட்டி புடிக்கப் போறது நான்தானே."

வீட்டில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். என்னிடம் கேட்பது. நின்றிருக்கும் என்று நான் சொன்னால் விட்டுவிடுவது. ஓடும் என்றால் தோண்டுவது. மணி விஷயத்தில் முத்தையா நம்பிய ஆள் நான் ஒருத்தன்தானாம்.

காமாட்சியின் தலைக்கு மேலாக வேலு எனக்குக் கண்ணைக் காட்டினார்.

புரிந்தது. ஒரு வார்த்தைதான். நின்றிருக்கும். வேலு மண்வெட்டியைத் தொட வேண்டாம். அந்த அம்மா இன்றைக்கே தூங்கலாம். யாருக்கு நட்டம்?

வாயில் வரவில்லை. பதினைந்து செக்கனுக்கு முகம் சுண்டின ஆளின் வாட்ச் அது.

"ஓடும் தங்கச்சி," என்றேன். "பெட்டரி புதுசு. பங்குனி சித்திரையில நல்லா வெயில் வாங்கியிருக்கு. மார்கழி வரைக்கும் ஓடும்."

வேலு தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தார்.

காமாட்சி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வேறொன்று கேட்டார்.

"சரியான மணி காட்டுமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். மண்ணுக்குள் குளிர். குளிரில் இந்த வாட்ச் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் மேலே இருப்பது மாதிரி வெயிலும் பனியுமாக மாறாது. எப்போதும் ஒரே மாதிரி. அதனால் மாதத்துக்கு அரை நிமிஷம்கூடப் பிந்தாது. சரியாகத்தான் காட்டும் என்றேன்.

சேலைத் தலைப்பைத் திருகினார். பிறகு சங்கைப் பற்றிச் சொன்னார்.

இப்போது புது ஆள் ஊதுகிறானாம். நல்ல பையன்தான், கையில் வாட்ச் கிடையாது. மேலே இருந்து எப்போது சொல்கிறார்களோ அப்போது ஊதுவான். காலையில் முந்துகிறது. சாயங்காலம் பிந்துகிறது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் முணுமுணுக்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காமாட்சிக்கே அரைப்பேர் விழுந்திருக்கிறது. கேட்கப் போனால், உன் மணி எது, அதைக் காட்டு என்கிறார்கள். எதைக் காட்டுவது? லயத்தில் ஒரு வீட்டுக் காம்பராவில் இருக்கிற மணி அடுத்த காம்பராவில் இல்லை.

வேலுவுக்குப் பொறுமை போனது.

"இப்ப அதுவா மதினி பேச்சு? தோண்டணுமா வேணாமா?"

"வேணாம்."

"இத்தன நாளும் தோண்டு தோண்டுன்னு உசுர எடுத்தீங்களே."

"அந்தத் தோட்டத்துல சரியா ஓடுறது அது ஒண்ணுதான். அதையும் நானே போயி நிப்பாட்டவா?"

வேலு வாசலை விட்டு விலகி நின்றார்.

மணி சரியாக இருக்கிறதா என்று ஊரெல்லாம் என்னிடம் கேட்கிறது. யாருக்காகச் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டவர் யார்? முத்தையா ஒருத்தர் கேட்டார். அவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்போ தூக்கத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் முழித்திருக்கிற வரைக்கும் நானும் முழித்திருக்கிறேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மலைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி.

எழுந்து குடை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். நிற்கும்போது எப்படி நிற்கும் என்று கேட்டார்.

முதலில் முள் ரெண்டு ரெண்டு செக்கனாகத் தாண்டும், பிறகு நின்றுவிடும், வேறு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

தலையை ஆட்டினார். அவருக்கும் கடைசியில் மூச்சு அப்படித்தான் வந்தது என்றார். விட்டு விட்டு.

"நிக்கிற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்கண்ணே. அன்னைக்குத் தூங்குறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மண்ணுக்குள் கிடக்கிற வாட்ச். மாதம் சொல்லலாம். நாள் எப்படிச் சொல்வது?

இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்கள். வேலு பாதி நனைந்துகொண்டு போனார். குடையை மதினி பக்கமே பிடித்திருந்தார்.

இத்தனை வருஷமாக, நின்ற வாட்ச் எப்போது ஓடும் என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓடுகிற வாட்ச் எப்போது நிற்கும் என்று கேட்டு வந்தது இந்த ஒரு அம்மாதான்.

யோசித்துப் பார்த்தேன். மார்கழி ரொம்பத் தூரம். அது வரைக்கும் ஒரு மனுஷி தூங்காமல் மலை ஏறி இறங்க முடியாது. காமாட்சிக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். வேலு வாசிப்பார், ஆனால் இந்த முறை வாயைத் திறக்கமாட்டார்.

வருகிற வாரமே ஆள் அனுப்பப்போகிறேன், வாட்ச் நின்றுவிட்டது என்று. இந்த ஒரு சங்கு முந்தி ஊதியதற்காக முத்தையா என்னைக் கோபித்துக்கொள்ளமாட்டார்.