வெள்ளைக்கு நடுவில் சிவப்பு

“கொஞ்சம் குதிங்க” என்கிறார் ஓரிஞ்ச் அக்கா. வந்த ஆள் நாலு தரம் குதித்து மூச்சு வாங்கிய பிறகுதான் டேப்பை மார்பில் சுற்றுகிறார். ஆடுகிறவர்களுக்கு ஆடின மூச்சில்தான் அளவெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்குமேலும் ஓர் இஞ்ச் விடுவார். பெயர் வந்தது அப்படி.

ஆண்டுதோறும் வசந்தம் பிறக்கும்போது எங்கள் மண்டபத்தில் பல நாட்டுக் குழுக்கள் ஆடும். உடைகள் எல்லாம் இவர் கைவேலை. மேடைக்குப் பின்னால் சின்ன அறை, இரண்டு தையல் மிஷின், சரியாக மூடாத ஒரு ஜன்னல். அறிவிப்பாளனான நான் எந்த ஆட்டத்துக்கு என்ன பொருள் என்று இவரிடம்தான் கேட்டு எழுதிக்கொள்வேன். விளக்கம் தையலோடு சேர்ந்து வரும். இடுப்பில் மணி கட்டுகிறவர்கள் குளிரை விரட்டுகிறார்கள். அங்கே மூன்று தையல் ஓட வேண்டும். பச்சைக் கிளை ஏந்துகிறவர்கள் விதைக்கிறார்கள். குனிய இடம் வேண்டும். வண்ணப்பொடி வீசுகிறவர்கள்மேல் மட்டும் அவருக்கு மனத்தாங்கல். “ஒரு மாசம் தைக்கிறேன், ஒரு நிமிஷத்துல நாசம் பண்றாங்க. கேட்டா வசந்தமாம்.”

முழு ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. முழங்காலுக்குக் கீழே, துணி தடுக்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

இந்த ஆண்டு புதிதாக ஒரு குழு வந்தது. பதினான்கு பெண்கள், தலையிலிருந்து கால்வரை வெள்ளை. பூத்த மரமாகச் சேர்ந்து நின்று இதழிதழாக உதிர்வது அவர்கள் ஆட்டம். விழா நாள் காலை ஒத்திகையில், எல்லாக் குழுவும் கைகோக்கும் கடைசி வட்டத்தில், மணிக்குழுத் தலைவர் தம் பக்கத்தில் நின்ற வெள்ளை உடைப் பெண்ணின் கையைப் பிடிக்காமல் இறங்கி வந்துவிட்டார். நேராக அக்காவின் அறைக்கு வந்தார்.

“போன மாசம் என் வீட்டுக்காரியை எங்க முறைப்படி இந்த வெள்ளையிலதான் சுத்தி அனுப்பினேன்” என்றார். “இது பக்கத்துல நின்னு நான் எப்படி ஆடறது?”

பின்னாலேயே வந்த வெள்ளைக் குழுவின் ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், வெள்ளையை விட்டால் அது தங்கள் வசந்தமே இல்லை என்று மெல்லச் சொன்னார். வட்டத்தையே விட்டுவிடலாமா என்று நான் யோசித்தேன்.

அக்கா யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஆசிரியையிடம் கேட்டார்: “அந்தப் பூவுக்கு நடுவுல என்ன நிறம்?”

“சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

தலைவர் பக்கம் திரும்பினார். “நீங்க சுத்தின துணியில சிவப்பு இருக்கலாமா?”

“ஒரு நூல்கூட இருக்கக்கூடாது.”

அக்கா ஊசியை எடுத்தார். மாலைக்குள் பதினான்கு சட்டைகளிலும், நெஞ்சுக்கு நேராக, சிவப்பு நூலில் பொடிப்பொடியாக முடிச்சுகள் எழுந்தன. ஆசிரியை விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். தலைவரிடம் யாரும் காட்டவில்லை.

கடைசி வட்டம் வந்தபோது அக்கா திரையோரம் நின்றார். பிரிக்கச் சொன்னால் பிரிப்பதற்கென்று கையில் கத்தரிக்கோல். தலைவர் அந்தச் சிவப்பை ஒரு கணம் பார்த்தார். உள்ளங்கையைத் தம் உடையில் துடைத்துவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்தார். வட்டம் சுழன்றது.

அக்கா கத்தரிக்கோலை அறைக்குள் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்.